பையில் வியர்த்த தக்காளி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், தக்காளிக்குத்தான் சரியில்லை. உன் தங்கை வீட்டுக்காரர் உலர்த்திப் பையில் அடைத்துக் கடைகளுக்குப் போட்ட தக்காளி முழுவதும் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்துவிட்டது. உனக்கு அந்த இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவசரம்தான் காரணம். கடைக்காரர்கள் கேட்கிறார்களே என்று, உலர்த்தும் பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு பையில் போட்டு வாயை ஒட்டிவிட்டார் மாப்பிள்ளை. ஆறாததை அடைத்தால் உள்ளேயே வியர்க்கும், வியர்த்தால் பூக்கும், பருப்பும் மிளகாயும் விற்றே தலை நரைத்தவளுக்கு இது தெரியாதா, ஆனால் அவர் கேட்கவில்லை, மாமியார் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நானும் சொல்லவில்லை. உன் தங்கை ஒவ்வொரு பையாகப் பிரித்துக் கொட்டும்போது மனுஷன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த நேரம் பார்த்து நீ போனில், என்ன மாப்ள, பூஞ்சை கிலோ என்ன விலை என்று கேட்டிருக்கிறாய். கேலிக்கும் நேரம் காலம் உண்டு ராசா. அன்றிலிருந்து அவர் நம் வீட்டில் கை நனைக்கவில்லை. பெட்டியை விற்றுவிட்டுப் பழையபடி லாரி ஓட்டப் போவதாக உன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். லாரியில் இருந்த காலத்தில் எப்போதாவது வருவார், குழந்தை யாரோ விருந்தாளி என்று கதவுக்குப் பின்னால் ஒளியும். இப்போதுதான் அவர் தோளை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. உன் தங்கை களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டு நின்றாள்.

இதற்கிடையில் ஒரு தரகர் வந்து, துடைச்சு அரைச்சுப் பொடியாக்கிட்டா யார் கண்ணுக்குத் தெரியப்போகுது, நானே எடுத்துக்கறேன் என்றார். மாப்பிள்ளை மண்வெட்டியை எடுத்து, அந்தத் தரகர் கண்ணெதிரே குழி தோண்டி அத்தனையையும் புதைத்துவிட்டார். வந்த விலையை மண்ணில் போடுகிறவர் என்ன வியாபாரி என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ அப்போதுதான் அவரைப் பிடித்தது. ஈரம் பார்க்க நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன், கெட்ட சரக்கைத் தள்ளிவிடாத ஆளைச் சந்தையில் எங்கே போய் வாங்குவது?

ஆனால் ரோஷக்காரர். உதவி என்ற வாடை அடித்தாலே எழுந்து போய்விடுவார். அதனால் பேரம் பேசத்தான் போனேன். உழைப்பு உங்களுது, கடை என்னுது, லாபத்துல எனக்கு முக்கால் என்றேன். தொங்கிக் கிடந்த தலை நிமிர்ந்தது. என்ன அத்தை, பகல்கொள்ளை அடிக்கிறீங்க என்று சத்தம் போட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் பழைய பாக்கியை வசூலிக்கிறவள் போலக் கத்த, அவரும் விடாமல் கத்த, குழந்தை அவர் தோளில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டது. எல்லாம் முடிந்ததும், பசிக்குது அத்தை என்றார். நானே பரிமாறினேன்.

நீ அவரைக் கூப்பிடு. மன்னிப்பு அது இது என்று இழுக்காதே, அடுத்த சரக்கு எப்போது என்று கேள், போதும். உன் அறையில் சமைத்ததைப் பெரிய பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் தள்ளாதே, சின்னச் சின்ன டப்பாவில் போட்டுச் சீக்கிரம் ஆறவிட்டு உள்ளே வை. மணம் மாறினால் யோசிக்காமல் கொட்டு, மருந்துச் செலவு அதைவிடப் பெரிது. நோய் நொடி அண்டாமல், நாலு பேர் நம்பும் பேரோடு நீ நல்லா இருக்கணும்.

பேசி முடித்தது என்னவென்று உன் அப்பா ஊரெல்லாம் தப்பாகச் சொல்லுமுன் நானே எழுதுகிறேன். லாபத்தில் அவருக்கு ஐந்தில் மூன்று பங்கு, எனக்கு இரண்டு. ஆறிய துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் மூடிவைத்து, கண்ணாடியில் ஈரம் படியவில்லை என்று இருவரும் பார்த்த பிறகே பை ஒட்ட வேண்டும். கெட்டுப்போனால் நஷ்டம் ஆளுக்குப் பாதி.

இப்படிக்கு,
உன் அம்மா