பதினோரு துளைகள்

மார்ச் 4

என் அன்பு ஊசிக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

நம்ப மாட்டாய். சின்னஞ்சிறு மூலக்கூறு ஒன்று, ஒன்றையொன்று தள்ளும் இரண்டு எதிர்மின்சுமையோடு உடையாமல் நிற்கிறதடி! மூலக்கூறை எடைபோடும் நிறைமானியில் கோடுகள் அரை அலகு விட்டு விழுகின்றன. ஒற்றைச் சுமை என்றால் ஓர் அலகு விட்டுத்தானே விழும்? ஆனால் இரண்டு அழுக்கின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் இப்படித் தெரியலாம். ஆய்வகத் தலைவர் கட்டுரையை உடனே அனுப்பச் சொல்கிறார். கோடுகள் பதிந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல் கோடுகளின் உச்சியில் குண்டூசியால் குத்தி இடைவெளியை அளந்து சொல்.

உன் சோடாபுட்டி

மார்ச் 12

சோடாபுட்டிக்கு,

அம்மா நலம். நான்தான் இன்னும் அந்தப் பழைய மெஷினோடு மல்லுக்கட்டுகிறேன். அதன் பம்பு பஸ் மாதிரி உறுமுகிறது. உனக்கென்ன, புது மெஷின், குளுகுளு அறை! ஒரே வேலைக்கு இருவரும் மனுப் போட்டோம், கூப்பிட்டது உன்னை. அதற்குள் கண்டுபிடிப்பு வேறா?

அளக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்தது, அழுக்கு. சோப்பு மிச்சம். மெஷின் குழாயைக் கழுவு. கட்டுரை அனுப்பி ஊர் சிரிக்க வைக்காதே. தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஊசி

மார்ச் 30

சோடாபுட்டிக்கு,

பதிலே காணோம். கட்டுரையை நிறுத்திவிட்டாயாமே, கேள்விப்பட்டேன். பாவம், எனக்கே கஷ்டமாக இருந்தது. விடு, எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுமா? இன்று என்னவோ நன்றாகப் பசித்தது.

உன் ஊசி

ஏப்ரல் 9

ஊசிக்கு,

கழுவினேன், மூன்று முறை. குழாயையே மாற்றினேன். கோடுகள் போகவில்லை.

நீ திருப்பி அனுப்பிய தாளை நேற்றுக் காலை சன்னலில் பிடித்துப் பார்த்தேன். பதினோரு கோடுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குண்டூசித் துளை. ஸ்கேலை வைத்தேன். எல்லா இடைவெளியும் சரியாக அரை. இரண்டு அழுக்கு இப்படி அடி பிசகாமல் சேர்ந்து நடக்காது. எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாதா?

கட்டுரையை அனுப்பிவிட்டேன். நன்றிப் பகுதியில் உன் பெயரும் இருக்கிறது: 'இடைவெளிகளை முதலில் அளந்தவர்.' அதில் பொய்யில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். இனி தாள் எதுவும் அனுப்ப மாட்டேன்.

சோடாபுட்டி