தலைக்கட்டு வரி

ஜூன் 16, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய் வந்துவிட்டது. காலையில் கரையில் ஒரே சத்தம். ஒரு கூடை மீன் எடுத்து, தலையை அரிந்து, உப்புப் போட்டு வைத்தேன். நாளைக்குக் களத்தில் நம் இடத்தில் காயப் போடணும்.

ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி மூவாயிரம் என்று மைக்கில் சொன்னார்கள். ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு, அந்த வீட்டு ஆம்பளை பேரில். நம் வீட்டுக்கு என் வீட்டுக்காரர் பேர், சின்னதம்பி. இவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் துக்க வீடு என்று வரி கேட்கவில்லை. இன்றைக்கு ஊர்த் தலைவர் செம்பியன் மாமா வழியில் நிறுத்தி, "ஒனக்கு வேணாம் வேலம்மா. ஆம்பள இல்லாத வூடு. உட்டுடு" என்றார். வரும் வழியெல்லாம் அந்த மூவாயிரம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது. இல்லாத காசு மிச்சமானால்கூட சந்தோஷம்தான் போல.

ஜூன் 18

சுரேந்தர் வந்தான். இவர் தம்பி. உட்காரவில்லை.

"அண்ணி, வரி இல்லன்னா களத்துல எடமும் இல்ல. தலக்கட்டுக்குத்தான எடம். என் தலக்கட்டுலயே சேந்துக்குங்க. எடத்த நான் பாத்துக்கறன், நீங்க ஓரமா காயப் போட்டுக்குங்க."

ஓரமா. பதினெட்டு வருஷம் நான் கூட்டிப் பெருக்கின இடம். கருவாடு காய இடம் இல்லை என்றால் எதை விற்பேன், மகள் சினேகாவை எதை வைத்துப் படிக்க வைப்பேன்? சுரேந்தர் கெட்டவன் இல்லை. அவன் பெண்டாட்டிதான் நேற்று களத்தில் நின்று நம் இடத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது புரியவில்லை.

"உங்க அண்ணன் பேர்ல நானே கட்டறன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து பார்த்தால் டப்பாவில் நூற்று நாற்பது ரூபாய்.

ஜூன் 21

வேறு எதில் கை வைக்க முடியும்? கரண்டுக்குக் கட்டித்தான் ஆகணும். சினேகா சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல் மெஸ் காசு கட்டித்தான் ஆகணும். வாய் ஒன்றுதான் சொன்னால் கேட்கும்.

மளிகை மாசம் மூவாயிரம் ஆகும். ஆயிரத்தில் நிறுத்தணும். அரிசி, பருப்பு, பாமாயில் ரேஷனில் வந்தது மட்டும். தேங்காய் கிடையாது. கேஸைத் தொடவில்லை, சவுக்கு மிளாறு பொறுக்கி வந்து வெளியே எரிக்கிறேன். துணி சோப்பை இரண்டாக அறுத்து ஒன்றை ஒளித்து வைத்தேன், யாரிடமிருந்து என்று தெரியவில்லை.

கடை முத்தம்மாள் அக்கா, "சக்கர வேணாம், எண்ண வேணாம். ஒன் வூட்டுல எறும்பே பட்டினி கெடக்கும்டி" என்றாள். சிரித்தேன். அப்புறம், "பால் மட்டும் தெனம் வாங்கறியே?" என்றாள்.

காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பத்து ரூபாய் பாக்கெட். இவர் படத்தின் முன்னால் காலையில் ஒரு கிளாஸ் பால் டீ வைக்கிறேன். கடலுக்குப் போகும்போது அதைக் குடித்துவிட்டுத்தான் போவார். ஆறினதும் வேப்ப மரத்தடியில் ஊற்றிவிடுவேன். குடிக்க மனசு வராது, அவரிடமிருந்து பிடுங்கின மாதிரி இருக்கும். எனக்குப் பால் இல்லாத டீ போதும். இதை மட்டும் குறைக்க முடியவில்லை.

ஜூன் 25

மீன் தலைக் குழம்பு. கருவாட்டுக்கு அரிந்த தலைதான். மூன்று நாளைக்கு வரும்.

ஜூலை 2

கருவாட்டுக் கூடையோடு சிதம்பரம் போனேன். டவுன் பஸ்ஸில் புதுச்சத்திரம், அங்கே மாறி அடுத்தது. நேரம் ஆகும், ஆனால் பொம்பளைக்கு டிக்கெட் இல்லை. ஒரு கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கூடைக்கு லக்கேஜ் போட்டுருவன்" என்றார். "சாப்புடும்போது இந்த மூக்கு எங்க போவுது சார்?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், விட்டுவிட்டார்.

கீழ வீதிப் பக்கம் சினேகா வந்தாள். "என்னாம்மா இப்டி எளைச்சிட்ட?"

"வெயிலு."

மெஸ் காசு கேட்டாள். பாதிதான் கொடுத்தேன். மீதி இடுப்பில் இருந்தது. வரிக்கு வைத்த காசு. பிள்ளை முன்னால் நின்று இல்லை என்று சொன்னேன். பஸ்ஸில் வரும்போது அந்த முடிச்சு குத்திக்கொண்டே வந்தது.

ஜூலை 12, சனி

சினேகா சொல்லாமல் வந்துவிட்டாள். நேராகப் போய் டப்பாவெல்லாம் திறந்து பார்த்தாள். துவரம் பருப்பு டப்பாவில் ரூபாய் நோட்டு. கேட்டதற்கு, அப்பா பேரில் வரி கட்ட என்றேன். படத்தின் முன்னால் ஆடை படிந்த பால் டீ.

"அவருக்குப் பால் டீ. ஒனக்கு வெறும் தண்ணி. செத்தவருக்கு வரி கட்டறதுக்கு நீ சாவப் போறியா?"

கை ஓங்கிட்டேன். அடிக்கல. அடிச்சிருந்தாகூட பரவால்ல, அவ கண்ண மூடிக்கினு நின்னா. அப்பாவே இல்லாத பொண்ணு, அதும் மேல கை ஓங்கறியேடி, நீயெல்லாம் ஒரு அம்மாவா—

அப்புறம் களம் போய்விடும் என்று சொன்னேன். சுரேந்தர் சொன்னதைச் சொன்னேன். சினேகா எழுந்து போனாள். முத்தம்மாள் கடையில் இரண்டு முட்டை வாங்கி வந்து அவளே பொரித்து எனக்கு ஊட்டிவிட்டாள்.

"இத மொதல்ல சொல்லி இருக்கலாம்ல. அப்பா பேரு, அப்பா பேருன்னே சொன்ன."

ஆமாம், எதற்காகக் கட்டுகிறேன்? இடத்துக்கா, பேருக்கா? இடத்துக்கு என்றால் ஊர் ஒத்துக்கொள்ளும். பேருக்கு என்றால் நான் மட்டும்தான்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. படையலில் வடை வைக்கவில்லை. எண்ணெய் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

கோயில் பந்தலில் வரி வாங்கினார்கள். ஆம்பளைகள் கூட்டம். நான் வெளியே வெயிலில் நின்று, கூப்பிடுவார்கள் என்று பார்த்து, கூப்பிடாததால் உள்ளே போனேன்.

செம்பியன் மாமா காசைத் தொடவில்லை. "பொம்பள கையால வாங்குன பழக்கம் இல்ல வேலம்மா. சுரேந்தர் கையில குடு. அவன் கட்டட்டும்."

"அவன் கட்டுனா எடம் அவன்துன்னு ஆயிடும். இவர் பேர்லயே எழுதுங்க மாமா."

"செத்தவன் பேர எப்டிம்மா எழுதறது? உசுரோட இருக்கறவங்க பேர்தான் எழுத முடியும்."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் யாரும் என்னிடம் இதை இப்படி நேராகச் சொன்னதில்லை.  பிறகு என் வாய் சொன்னது: "அப்ப என் பேர எழுதுங்க."

பின்னால் ஒருத்தன், "அப்ப காவடியும் நீயே தூக்கு" என்றான். சிரிப்பு.

"பஸ்ஸு பஸ்ஸா கருவாட்டுக் கூட தூக்கறன். காவடி தூக்க மாட்டனா?"

சிரிப்பு நின்றது. சுரேந்தரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே, "வாங்கிக்குங்க மாமா. அண்ணன் இருந்தப்பவும் வூட்ட அண்ணிதான ஓட்டுச்சி" என்றான்.

பேசிச் சொல்கிறோம் என்றார்கள். காசை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 1

ஒன்றும் சொல்லவில்லை. வாங்கினதைத் திருப்பித் தந்துவிடுவார்களோ? இன்றும் கஞ்சி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திருவிழா. சினேகா வந்திருந்தாள். கெடா வெட்டி, தலைக்கட்டுக்கு ஒரு கூறு கறியும் தேங்காய் மூடியும் கொடுத்தார்கள். மைக்கில் பேர் வாசித்தார்கள். எப்போதும் இவர் பேருக்கு அடுத்துதான் சுரேந்தர் பேர் வரும். இவர் பேர் வரும் இடம் எனக்குத் தெரியும். 

சின்னதம்பி என்று வரவில்லை. கொஞ்ச நேரம் மைக்கில் காற்றுச் சத்தம். அப்புறம், "வேலம்மாள்."

நான் அசையவில்லை. சினேகா இடுப்பில் இடித்தாள். "எம்மா, ஒன்னத்தான்."

போய் முந்தானையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். வாங்கினதுக்கா, இவர் பேர் இல்லாமல் போனதுக்கா, தெரியவில்லை. கறிக்குழம்பில் அந்தத் தேங்காயை முழுசாக அரைத்து ஊற்றினேன்.

ஆகஸ்ட் 9

சினேகா முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த விற்பனையில் மெஸ் பாக்கி தருகிறேன் என்றிருக்கிறேன். களத்தைக் கூட்டிவிட்டு வந்தேன்.

பால் டீ போட்டேன். ஒரு கிளாஸ்தான். படத்தின் முன்னால் வைக்கப் போனவள், கீழே உட்கார்ந்து சூடாக நானே குடித்தேன்.