கேட்காமல் சொன்ன உன் கதை

நேற்று ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்காக ஜங்ஷன் ரோட்டில் நின்றிருந்தேன். எதிர்ச் சுவருக்கு யாரோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் அது எந்தச் சுவர் என்று கவனித்தேன். போன சட்டமன்றத் தேர்தலுக்கு நீ வரைந்த சீப்பு பாதி அழிந்திருந்தது. அதற்குக் கீழே எழுதிய என் பெயர் முன்னமே மழையில் போய்விட்டது. ஆறு பற்கள் மிச்சம் இருந்தன. பஸ் வருவதற்குள் அவையும் போயின.

சுயேச்சையான நான் டிராக்டர் கேட்டு, எனக்குச் சீப்புச் சின்னம் ஒதுக்கியபோது முகம் சுருங்கிப் போய் உன் வீட்டுக்கு வந்தேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாக மாறும்வரை சிரித்தாய். "ஏண்டி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? சீப்பு தெனம் காலைல எல்லாரும் கையில எடுக்கறது. எத்தினி வூட்ல டிராக்டர் இருக்குது?" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றாய். பொம்மைக்குக் கண் எழுதிப் பழகிய கை உனக்கு. ஒரு பல்லும் கோணவில்லை.

பெண்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டி. நான் வேதியியல் படிக்க வெளியூர் போனேன்; நீ பீங்கான் பொம்மைக் கம்பெனிக்குப் போனாய். முதலில் கண் எழுதினாய். பிறகு கூலி கொஞ்சம் கூட என்று, காய்ந்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி வழுவழுப்பாக்கும் பகுதிக்கு மாறினாய். சாயங்காலம் நீ வெளியே வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைத் தூசு நுரையீரலில் என்ன செய்யும் என்பதுதான் என் ஆராய்ச்சி. நம் ஊரிலிருந்தே தூசு எடுத்துப்போய்ப் பரிசோதித்தேன். அறிக்கை எழுதி அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றேன். ஒவ்வொரு பட்டறையிலும் தூசை இழுக்கும் விசிறி வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

வேட்பு மனு கொடுத்த வாரம் நீ என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாய். புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்ரேயை எடுத்தாய்.

"கடலூர்ல எடுத்தது. நீ டாக்டர்தானே, பாரு."

"நான் அந்த டாக்டர் இல்லடி."

"எந்த டாக்டரா இருந்தா என்ன, பாரு."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதுமாதிரிப் படங்களை நூறு தடவை திரையில் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று ஓரத்தில் இருந்த உன் பெயரை இரண்டு தடவை படித்தேன். நீ என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய். "யாருகிட்டயும் மூச்சு வுடாத. வெளிய தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. பாப்பா நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்குது" என்றாய். சொல்ல மாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

பாலக்கரையில் என் பிரசாரக் கூட்டம் அதற்கு எட்டாம் நாள். நாற்காலிகளில் பாதி காலி. நான் மைக்கில் தூசுத் துகளின் அளவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார்: "தூசு தூசுன்றீங்களே மேடம், நோய் வந்த ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஆராய்ச்சிக்காரி என்று வந்து நிற்கிறேன், டீ குடிப்பவர்கள் சிரிக்கிறார்களே என்று பட்டது.

உன் பெயரைச் சொல்லவில்லை. "என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பொம்மைக்குக் கண் எழுதியவள். இன்று இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவள் எக்ஸ்ரேயை இந்தக் கையால் பிடித்துப் பார்த்தேன்" என்றேன். நம் ஊரில் இதற்குமேல் பெயர் எதற்கு? சிரிப்பு நின்றது. பிறகு கைதட்டினார்கள். டீக்கடையில் நின்றவர்கள்கூடத் தட்டினார்கள். அந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. உடம்பெல்லாம் சூடானது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை உன்னிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். மறுநாள் இன்னும் இரண்டு தெருமுனைகளில் அதையே சொன்னேன். இரண்டாவது இடத்தில் எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்றுகூடத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் உன்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடி வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நல்லா கை தட்டுனாங்களாமே" என்றாய்.

"பேரச் சொல்லலடி."

"பேரு ஒண்ணுதான் பாக்கி."

"எல்லாருக்காகவும்தான் சொன்னேன். உன்னமாதிரி எத்தனையோ பேரு..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நீ ஒரு கட்டுக் கீரையை முடித்து அடுத்த கட்டைப் பிரித்தாய்.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சிதான் நீ கேக்கல."

கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீ கத்தவில்லை. கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய்.

தேர்தலில் டெபாசிட் போனது. வேறு ஊரில் வேறொரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். ஊரை விட்டு ஓடினேன் என்பதுதான் சரி. வேறு எந்தப் பட்டறையும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை நீ எனக்குப் போன் செய்தாய். உன் பெயர் திரையில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று செய்தி அனுப்பினேன். கூப்பிடவில்லை. எதற்காகப் போன் செய்தாய் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. திட்டுவதற்கா, ஏதாவது மருந்து கேட்பதற்கா, இல்லை சும்மாத்தானா? அடுத்த தடவை உன் நம்பரிலிருந்து வந்தபோது எடுத்தேன். பாப்பா பேசினாள். "அம்மா போயிட்டாங்க" என்றாள்.

இப்போது மறுபடியும் தேர்தல் வருகிறது. ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். போன வாரம் பட்டறைப் பெண்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள், திரும்பவும் நில்லுங்கள் என்று. அவர்களில் ஒருத்தி உன் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டியவள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்: "இந்தத் தடவயும் அக்கா கதையச் சொல்லுங்க மேடம். இப்பதான் அவங்க இல்லியே. யாரு வேல போயிடப் போவுது?"

எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகப் பட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பாப்பாவைக் கேட்கலாம் என்று நேற்று பஸ் ஏறினேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பத்து நிமிஷம் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். நான் மென்று விழுங்கிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா வேணாம்னாங்களா, இல்லியா?"

"வேணாம்னுதான் சொன்னா."

"அப்புறம் மாத்திச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப வேணாம்." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "எலெக்‌ஷன்ல நில்லுங்க மேடம். நல்லதுதான் கேக்கறீங்க. எங்கம்மா இல்லாம நில்லுங்க."

சின்ன வயதிலிருந்து என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்வரை நின்றாள். கை அசைக்கவில்லை, ஆனால் நின்றாள்.

நிற்கப் போகிறேன். நான் எடுத்த தூசு, நான் எழுதிய அறிக்கை, இவ்வளவோடுதான் மேடை ஏறுவேன். யாராவது தானாக வந்து, தன் கதையைச் சொல்கிறேன் என்றால் மைக்கை அவர்கள் கையில் கொடுப்பேன். உன் பேச்சை எடுக்க மாட்டேன். நீ வேணாம் என்றது இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கு முழுசாகக் காதில் விழுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இனி நடமாட வேண்டும்.

இதிலும் உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த மடலின் நகலை முதலில் பாப்பாவுக்கு அனுப்புகிறேன். கிழித்துப் போடுங்கள் என்றால் கிழித்துப் போடுவேன்.