பழனிக்கு நேர்ந்த முடி

உடும்பஞ்சோலை
30-1-1977

அன்பு நாச்சம்மாளுக்கு,

பனியும் நானும் இங்கே சுகம். நீயும் அய்யனும் அம்மாவும் சினை எருமையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்த மூன்று நாளும் எலப்புள்ளி வெயிலில் மங்கி குல்லாயைக் கழற்றாமல் திரிந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. காதுவலி என்று நம்பி அம்மா பூண்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குல்லாய்க்குள் எவ்வளவு முடி இருந்தது என்று உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பார்த்ததும் நீ சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டது. ஏன் வளர்க்கிறேன் என்று நீ கேட்கவில்லை. இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிற உன் புருஷன் சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் துரைமார் கிளப்பில் பாடுகிறான் என்பது உனக்குத் தெரியும். சினிமாப் பாட்டு என்று நினைத்திருப்பாய். இல்லை. கிட்டார் வாசிக்கும் எஸ்டேட் ரைட்டர் ஞானஜோதி எனக்கு சோல் பாட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறான். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் பாடுவது. எழவு வீட்டில் அழுவதுபோல் ஆரம்பித்து கோயில் நோம்பியில் ஆடுவதுபோல் முடிக்க வேண்டும். இங்கிலீஷ் வரிகளை அவன் தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறான். அர்த்தம் கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்குலே, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நீ பாட்டுக்குப் பாடு" என்கிறான்.

இப்போது சின்ன மேனேஜர் லண்டனிலிருந்து இன்னொரு தினுசு இசைத்தட்டு கொண்டுவந்திருக்கிறார். பெயர் ரெக்கே. ஜமைக்கா என்ற தீவில் பிறந்த பாட்டு. தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். நம் கிணற்று ஆயில் எஞ்சின் டீசல் குறைந்தால் விட்டு விட்டு இழுக்குமே, அதே நடை. எனக்குக் கேட்டதும் பிடிபட்டுவிட்டது. ஞானஜோதி இன்னும் திணறுகிறான். அவன் வீட்டில் எஞ்சின் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். எர்ணாகுளத்திலிருந்து மேத்யூஸ் என்பவர் வந்து என் பாட்டைக் கேட்டார். இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஆள் தேடுகிறவர். சித்திரையில் என்னை மதராசுக்குக் கூட்டிப்போய்த் தட்டு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நிபந்தனை ஒன்றே ஒன்று, தலைமுடி இப்படியே இருக்க வேண்டும். பாட்டைப் பாட நாலு பேர் கிடைப்பார்களாம், இந்தத் தலைக்கு வேறு ஆள் கிடைக்காதாம். அட்டைப் படத்தில் முக்கால்வாசி முடிதானாம்.

போட்டோ ஒன்று அனுப்பியிருக்கிறேன். அய்யன் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. உன் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள்.

உன்
சென்னிமலை


எலப்புள்ளி
8-2-1977

அன்புள்ள மச்சானுக்கு நாச்சம்மாள் எழுதுவது.

எல்லோரும் சுகம். எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

உங்கள் போட்டோவை எனக்கு முன்னால் ஊரே பார்த்துவிட்டது. மலைப் பனியில் கவர் ஈரமாகிப் பசை விட்டுப்போய், தபால்காரர் போட்டோவைத் தனியாக, கடிதத்தைத் தனியாகக் கொண்டுவந்து நின்றார். போட்டோ உங்கள் அய்யன் கையில். கடிதம் என் கையில். அந்த மட்டும் தப்பினோம்.

உங்கள் அய்யன் போட்டோவைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இது ஆரு? மூஞ்சி என்ற பையனாட்டம் இருக்குது, மேல தேன்கூடு கட்டியிருக்குது" என்றார். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது. நம் ஊரில் முடி வெட்டும் ஆறுச்சாமியைக் கூப்பிட்டுவர ஆள் அனுப்பினார். "நாளைக்கு மொத பஸ்ல உடும்பஞ்சோலை போறோம். கத்திரி பத்தாது, கருக்கருவா எடுத்துக்க" என்று அவருக்கு உத்தரவு.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "பழனிக்கு நேந்துட்டு வளத்தறாருங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். எதற்கு நேர்ந்தது என்று அத்தை கேட்டார். கல்யாணமாகி நாலு வருஷமாகத் தொட்டில் கட்டாத வீட்டில் அதற்கு என்ன பதில் சொல்வது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர்களே புரிந்துகொண்டார்கள்.

உங்கள் அய்யன் துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். "இத்தன பக்தி அவனுக்குள்ள இருக்கறது நமக்குத் தெரியாமப் போச்சே. வேண்டுதல வெளிய காட்டப்படாதுன்னுதான் பொங்கலுக்குக் குல்லாயப் போட்டு மூடிட்டு வந்திருக்கறான்" என்றார். ஆறுச்சாமி கருக்கருவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போட்டோ இப்போது சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறீர்களே, நீங்கள் அரோகரா சொல்கிறீர்கள் என்று அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறார்.

வேண்டுதல் உங்களுக்கு, பத்தியம் எனக்கு. வீட்டில் கோழி கொதிக்கிறது, எனக்கு மட்டும் ரசம்.

இப்படிக்கு
நாச்சம்மாள்


உடும்பஞ்சோலை
16-2-1977

என் அருமை நாச்சம்மாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்னைப்போல் ஒரு மனைவி துரைமாருக்குக் கூடக் கிடையாது. ஞானஜோதியிடம் சொன்னேன். "உன் பொண்டாட்டிய மேனேஜராப் போடுலே, அந்த மேத்யூஸ் எதுக்கு" என்கிறான்.

நீ சொன்ன பொய் உன் கடிதத்துக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது. நம் கடைக்கு வரும் லாரி டிரைவர் வீரபாண்டி எலப்புள்ளிப் பக்கம் லோடு இறக்கப் போனவன், அய்யன் வாயாலேயே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது கிளப் சமையல்காரர் எனக்கு மட்டன் கட்லெட் தர மாட்டேன் என்கிறார். கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பூமாரி தன் மகளுக்கும் குழந்தை வேண்டும் என்று தினம் ஓர் எலுமிச்சம்பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். கணக்குப் புத்தகம் எல்லாம் எலுமிச்சை வாசனை.

ஆனால் பாட்டு ஏறிக்கொண்டே போகிறது. போன சனிக்கிழமை ரெக்கே பாடினேன். துரைமார் ஒருவரும் உட்காரவில்லை. பெரிய மேனேஜரின் சம்சாரம் என் முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். எர்ணாகுளத்து ஹோட்டலில் ஒரு வாரம் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சித்திரைத் தேதியை மேத்யூஸ் உறுதி செய்து எழுதிவிட்டார்.

முருகன் நிதானமான தெய்வம். என்றைக்கு வந்து முடி தருகிறேன் என்று நீ தேதி எதுவும் சொல்லிவிடவில்லையே? சொல்லாமலே இரு.

உன்
சென்னிமலை


எலப்புள்ளி
27-2-1977

அன்புள்ள மச்சானுக்கு,

நான் தேதி சொல்லவில்லை. உங்கள் அய்யன் சொல்லிவிட்டார். பங்குனி உத்திரம்.

கஞ்சிக்கோட்டில் வேன் பேசியாகிவிட்டது. ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் ஆள் போயிருக்கிறது. அடுத்த வீட்டு வள்ளியாத்தாள் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். பழனி மலையில் முடி எடுக்க எத்தனையோ பேர் இருந்தாலும் உங்கள் தலைக்குத் தன் கத்திதான் பட வேண்டும் என்று ஆறுச்சாமியும் வேனில் இடம் கேட்டு வாங்கிவிட்டார். நீங்களாக வராவிட்டால் பங்குனி பிறக்கும் முன்னாலேயே உங்கள் அய்யனே உடும்பஞ்சோலைக்கு வந்து கையோடு கூட்டிவருவதாக ஏற்பாடு.

அத்தையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் கொஞ்ச நாள் வளர்க்கட்டுமே என்று. "சாமிக்கு நேந்தத ரொம்ப நாள் தலையில வெச்சிருக்கப்படாது கண்ணு. வட்டியோட கேட்டுப்புடும்" என்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தப் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டா? அதை நான் கேட்டதே இல்லை. உங்கள் குரலைக் கேட்டே நாளாகிறது. பகலில் வேலை ஓடிவிடுகிறது. விளக்கு வைத்த பிறகு எனக்கு அழுகை வருகிறது. சாமி படத்துக்குப் பக்கத்தில் உங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கவா உங்களைக் கட்டிக்கொண்டேன்? மொட்டையோடு வந்தாலும் சரி, தேன்கூட்டோடு வந்தாலும் சரி, எனக்கு நீங்கள் வந்தால் போதும்.

இப்படிக்கு
நாச்சம்மாள்


உடும்பஞ்சோலை
6-3-1977

அன்பு நாச்சம்மாளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து பாட்டே வரவில்லை. நேற்று கிளப்பில் முதல் வரியைப் பாடிவிட்டு இரண்டாவது வரிக்குப் பதிலாக வேல்முருகா என்றேன். துரைமார் அதுவும் ஜமைக்கா என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அய்யன் சொன்னார், பத்தாவதோடு படிப்பை நிறுத்தினேன். அய்யன் சொன்னார், ஏலக்காய்க் கடைக்கு வந்தேன். அய்யன் சொன்னார், உன்னைக் கட்டிக்கொண்டேன். அந்த மூன்றில் ஒன்றுதான் நல்லதாக முடிந்தது. என் இஷ்டத்துக்கு என்று நான் செய்கிற ஒரே காரியம் இந்தப் பாட்டு. பாடும்போது எனக்குள் இருக்கிற கணக்கப்பிள்ளை எழுந்து வெளியே போய்விடுகிறான். சித்திரை வரைக்கும் இந்த முடி நின்றால் போதும், ஒரு தட்டு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆறுச்சாமி புருவத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஞானஜோதியும் நானும் யோசித்துப் பார்த்தோம். முதல் யோசனை, டோப்பா. மேத்யூஸைக் கேட்டதற்குத் தொட்டுப் பார்க்கத்தான் ஜனங்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, ஒரு கொத்து முடியை வெட்டிப் பார்சலில் பழனிக்கு அனுப்புவது. முருகன் கோபிக்க மாட்டார், அய்யன் கோபிப்பார். மூன்றாவது, முருகன் என் கனவில் வந்து வைகாசி விசாகத்துக்கு வா என்று சொன்னதாகத் தந்தி கொடுப்பது. நம் ஊர் தபால்காரர் அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டுவார்.

உன்னைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது, நாச்சம்மா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நீ இல்லாமல் இந்தக் குளிர் தாங்கவில்லை. ஆனால் நான் வருகிற பஸ் பழனி வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. மலை இறங்கினால் திரும்பும்போது தலையில் முடி இருக்காது. அதனால் வர மாட்டேன். என்னை மன்னித்துக்கொள். அய்யன் பஸ் ஏறுவதற்குள் ஏதாவது செய். உன்னால்தான் முடியும்.

உன்
சென்னிமலை


எலப்புள்ளி
14-3-1977

என் மச்சானுக்கு,

செய்தாயிற்று. உங்கள் தலையில் கத்தி படாது. உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

நேற்றுக் காலையில் உங்கள் அய்யன் வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி கூடப் போவதற்கு வந்து வாசலில் நின்றார். நான் கிணற்றடிக்குப் போய் ஓங்கரித்தேன். ஒருவரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக ஓங்கரித்தேன். அத்தை ஓடிவந்தார். "என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்று என் நெற்றியைப் பிடித்தார். எனக்கு மாங்காய் வேண்டும் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மற்றதையெல்லாம் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முடி மலையேறும் முன்னாலேயே முருகன் கொடுத்துவிட்டான் என்று வள்ளியாத்தாள் குலவை போட்டார். உங்கள் அய்யன் பையிலிருந்து வேட்டியை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டார்.

விவரம் புரியாமல் ஆறுச்சாமி, "அப்பப் பழனிக்கு எப்பங்க கெளம்பறது?" என்று கேட்டுவிட்டார். உங்கள் அய்யனுக்கு வந்ததே கோபம். "ஏண்டா, பொண்டாட்டி புள்ளத்தாச்சியா இருக்கறப்ப புருசன் தலையில கத்தி வெக்கறதா? முடி எடுக்கப்படாது, மலை ஏறப்படாது, உனக்குத் தெரியாதா? கொளந்த பொறக்கற வரைக்கும் அவன் தலையில எவனாச்சும் கை வெச்சான், நடக்கறதே வேற" என்று கத்தினார். ஆறுச்சாமி வீட்டுக்குப் போய்விட்டார். வேனையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. பிள்ளை பிறந்த பிறகு உங்களுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே நாளில் மொட்டை என்று முடிவாகியிருக்கிறது. நீங்கள் சித்திரையில் தாராளமாகத் தட்டு எடுக்கலாம்.

ராத்திரி எனக்குக் கோழிக்குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

மச்சான், நீங்கள் இதற்குள் சந்தோஷத்தில் ஞானஜோதியைக் கட்டிப்பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஓங்கரித்தது நான் விரல் விட்டு. மாங்காய் எனக்கு எப்போதும் பிடிக்கும். வயிற்றில் கோழிக்குழம்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அத்தை அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. அது மட்டும் பொய் இல்லை. அது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. ஊர் வாயை அடைக்க அல்ல, உங்கள் முடியைக் காப்பாற்றவும் அல்ல, எனக்கே வேண்டும் என்று இருக்கிறது.

அத்தை பொங்கலிலிருந்து கணக்குப் போட்டு ஐப்பசி என்கிறார். கொஞ்சம் பிந்தினால் சமாளித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு வழியில் தலைச்சன் பிள்ளை எப்போதும் தள்ளித்தான் பிறக்கும் என்று வள்ளியாத்தாளிடம் இன்றைக்கே சொல்லிவைத்திருக்கிறேன். அவர் வாய் வழியாக அது ஊரெல்லாம் பரவிவிடும். ஆனால் ரொம்பப் பிந்தினால் என் வயிறே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் சனிக்கிழமைப் பாட்டை ஞானஜோதி எப்படியாவது பாடிக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பஸ் ஏறுங்கள். பழனி பஸ் நிலையத்தில் இறங்கி நிதானமாக டீ குடித்துவிட்டே வரலாம், உங்களை ஒருவரும் தொட மாட்டார்கள். உங்கள் முடியை நான் ஒருத்தியாகவே காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன். என் வார்த்தையைக் காப்பாற்றுவது நான் ஒருத்தியாகச் செய்கிற வேலை இல்லை.

வாசலைப் பார்த்திருக்கும்
நாச்சம்மாள்