ஷீலா பெருக்கிவிட்டாள்

கானர்ஸ் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
மார்ச் 6, 1934

அன்புள்ள ஃபான்ஸுக்கு,

நானும் கிட்டியும் சுகம். உன் கடிதத்தை லூக் மாமா ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்க காற்றின் திசை, மண்ணெண்ணெய், கண்ணாடி துடைத்த கதை. கடைசி வரியில்தான் மகள் நினைவு வந்திருக்கிறது. பேசாமல் அந்தக் கலங்கரை விளக்கையே நீ கட்டிக்கொண்டிருக்கலாம்.

கிட்டிக்குப் பதினோரு வாரம் ஆகிறது. பிரசவம் பார்த்த ஹானோரா அத்தை இன்னும் தினமும் வந்து அவளைக் குளிப்பாட்டுகிறார். "அப்பன உரிச்சு வச்சிருக்கா, மூக்கு மட்டும் தப்பிச்சுது" என்கிறார். அவர் புருஷன் லூக் மாமாவோ படகை விட்டு இறங்கியதும் பெண்டாட்டியைத் தேடுவதில்லை, நேரே கிட்டியின் தொட்டிலுக்குத்தான் வருகிறார்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறாய். ஷீலா வந்து பெருக்கிவிட்டுப் போகட்டும், மறுநாளே வருகிறேன். புனித பாட்ரிக்கின் பெண்டாட்டியாயிற்றே, மார்ச் 17, பாட்ரிக் பண்டிகையை ஒட்டித்தான் அவள் துடைப்பத்தை எடுப்பாள். கடைசிப் புயலாக வந்து, பனி, மழை, காற்று என்று குளிர்காலத்தின் குப்பையைக் கூட்டித் தள்ளாமல் போகமாட்டாள். அதற்கு முன்னால் ஒன்பது மைல் கடலைத் தாண்ட என்னால் முடியாது. என் அப்பா அவளுக்கு முந்திக்கொண்டு கடல்நாய் வேட்டைக்குப் போனவர். அப்போது எனக்கு ஒன்பது வயது. கரைக்கு வந்தது அவருடைய கையுறை ஒன்றுதான். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள், பரவாயில்லை.

லூக் மாமா மட்டும் வானத்தைப் பார்த்துப் பார்த்து விளக்குக்குப் போய்வருகிறார், இங்கே வேறு யாருமே படகு இறக்கவில்லை. "விளக்குல புயல் வர்றதச் சொல்ற பாரமானி இருக்கு. ஃபான்ஸ் சொன்னா அது ஷீலா, சொல்லலன்னா வெறும் தும்மல்" என்கிறார் லூக் மாமா. ஊரே உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறது.

உன்,
ஸ்டாசியா


பெல்ட்ரி தீவு விளக்கு
மார்ச் 13

என் கண்ணே ஸ்டாசியா,

வந்துவிட்டாள்! ஞாயிறன்று மத்தியானம் வந்து, திங்கள் காலையில் போய்விட்டாள். பாட்ரிக் பண்டிகைக்கு ஆறு நாள் முன்பே துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். அவர்கள் வீட்டில் என்ன சண்டையோ.

உங்கள் பக்கம் தூறலோடு விட்டிருப்பாள். இங்கே பாரமானி கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியது. முதலில் பனி, பிறகு மழை. காற்று கதவைத் திறக்கவிடவில்லை. இன்று வானம் கழுவிக் கவிழ்த்த தட்டாக இருக்கிறது. இனி இந்த வருஷத்துக்குப் பயமில்லை.

லூக் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் 19ஆம் தேதி எண்ணெய் கொண்டுவருகிறார், அந்தப் படகிலேயே ஏறி வா. அடுப்பைப் பூசி வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த வெல்லப்பாகும் ஒரு ஜாடி இருக்கிறது. நீ போன பிறகு இந்தத் தீவில் நான் பேசுகிற ஒரே ஜீவன் நம் கோழிதான். இப்போதெல்லாம் அது பதில் சொல்கிறது, எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மகளைக் கொண்டுவா. அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நானே படம் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டது.

உன்,
ஃபான்ஸ்


கானர்ஸ் கோவ்
மார்ச் 16

அன்புள்ள ஃபான்ஸ்,

இதை ஜெரோம் பவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் பக்கம் கடல்நாய் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறான், நாளைக்குள் திரும்பிவிடுவான்.

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன், "என் கண்ணே"யை மட்டும் விழுங்கிவிட்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டுச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நேற்று வானத்தில் ஒரு குறையும் இல்லை, அதைப் பார்த்தும் பயந்தேன். நீ எழுதியிருக்கிறாய், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பச்சைப் பெட்டியில் கிட்டியின் துணிகளைக் கட்டிவிட்டேன். திங்கள் மதியத்துக்குள் வந்துவிடுவோம். துறையில் நின்று கையசை. உன்னைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஸ்டாசியா


பெல்ட்ரி தீவு விளக்கு
திங்கள், மார்ச் 19, மதியம்

ஸ்டாசியா, கிளம்பிவிடாதே.

இது உனக்கு எட்டாது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன், கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து பாரமானி விழுந்துகொண்டே இருக்கிறது, இப்படி ஒரு வீழ்ச்சியை இந்தப் பத்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கு வடகிழக்கிலிருந்து காற்று எழுந்தது. இப்போது பனி பக்கவாட்டில் அடிக்கிறது, துறை கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் எட்டு மணிக்கு ஏறியிருந்தால் இந்நேரம் நடுக்கடல். மாதாவே, ஏறியிருக்கக் கூடாது.

மூடுபனிக் கொம்பை நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊதுகிறேன். இடையில் ஓடி வந்து ஒரு வரி எழுதுகிறேன்.

நான் பொய் சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்தது ரொட்டிப் பலகையில் மாவு தூவுகிற அளவுப் பனி. பாரமானி அசையவே இல்லை. லூக் மாமா துறையில் நின்று, "நெசமா சொல்லு ஃபான்ஸ், அது அவதானா?" என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்து, "அவதான் மாமா, சந்தேகமே இல்ல" என்றேன். மகளைப் பார்க்கும் ஆசை. ஒரு வாரம் முன்னால் பார்த்துவிடலாம் என்கிற ஆசை, வேறு ஒன்றுமில்லை.

செவ்வாய் காலை

பனி மழையாக மாறிவிட்டது. மழை விளக்கின் கண்ணாடியில் பட்டதும் உறைகிறது. விளக்கைச் சுற்றியுள்ள வெளி நடைமேடையில் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கத்தியால் சுரண்டினேன், சுரண்டச் சுரண்ட உறைந்தது. எரிகிற விளக்கு வெளியே தெரியாமல் போனால் எரிந்து என்ன? கை இரண்டும் வீங்கிவிட்டன. அலை கோழிக்கூட்டைக் கொண்டுபோய்விட்டது.

வெளிச்சம் வந்ததும் கரையைப் பார்த்தேன். பாறை இடுக்கில் பச்சையாக ஏதோ கிடந்தது. நான்கு கால்களில் தவழ்ந்து போனேன். உன் பெட்டி. மூடி உடைந்திருந்தது. உள்ளே ஒரு சின்னக் காலுறை இருந்தது, ஸ்டாசியா. என் கட்டைவிரல்கூட அதற்குள் நுழையவில்லை.

நான் கொன்றுவிட்டேன். உங்கள் இருவரையும் நானே கூப்பிட்டுக் கொன்றுவிட்டேன்.

புதன்

ஜெரோமும் அவன் அண்ணனும் இப்போதுதான் வந்து இறங்கினார்கள். வந்ததுமே கேட்டது, "லூக் மாமா இங்க இருக்காரா?" நான் பெட்டியைக் காட்டினேன். "உன் பொண்டாட்டி வீட்லதான்டா இருக்கா, அவ ஏறவே இல்ல" என்றான் ஜெரோம். நான் மண்ணில் விழுந்து மாட்டைப்போல் கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன், ஸ்டாசியா. பிறகுதான் லூக் மாமாவின் பெயர் எனக்குள் இறங்கியது.

மேலே எழுதியதைக் கிழிக்கக் கை போனது. நீ உயிரோடு இருக்கிறாய், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் கிழிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

ஃபான்ஸ்


கானர்ஸ் கோவ்
ஞாயிறு, மார்ச் 25

ஃபான்ஸ்,

உன் கடிதம் கிடைத்தது.

அன்று துறை வரை வந்தேன். ஒரு காலைப் படகில் வைத்தேன், மற்றக் கால் வரவில்லை. அப்பா போன நாளும் இப்படித்தான் வானம் பளிச்சென்று இருந்தது. அப்படியே நின்றேன், கிட்டி வீறிட்டாள். லூக் மாமா சிரித்தார். "உன் புருஷன் சொல்ல நீயே நம்பலன்னா வேற யாரும்மா நம்புவா? சரி, பெட்டிய நான் கொண்டு போறேன். எண்ணெய் இல்லாம விளக்கு எரியாதுல்ல. நீ அடுத்த வாரம் வா" என்று துடுப்பால் படகைத் தள்ளினார். துறையில் நின்றவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உன் வார்த்தையை நம்பாமல் உன்னை அவமானப்படுத்திவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

படகின் முன்பாதி வியாழனன்று கிடைத்தது. மாமா கிடைக்கவில்லை.

ஹானோரா அத்தை மறுநாளே கிட்டியைக் குளிப்பாட்ட வந்துவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. குழந்தையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஃபான்ஸுக்கு எழுதும்மா. பாவம், ஒடிஞ்சு போயிருப்பான். ஷீலா சில வருஷம் ரெண்டு தடவ பெருக்குவா. அதுக்கு அவன் என்ன பண்ணுவான்? அவன் மேல ஒரு தப்பும் இல்லன்னு நான் சொன்னேன்னு எழுது." சொன்னார், எழுதிவிட்டேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதம் வந்ததைப் பார்த்து, "என்ன எழுதிருக்கான், எனக்கும் வாசி" என்றார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ மாமாவுக்காக ஜெபம் செய்வதாகவும் அத்தையை விசாரித்ததாகவும் வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பிள்ள" என்றார். வாழ்க்கையில் இத்தனை பயந்து நான் எதையும் செய்ததில்லை. பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது, அதனால் உன்னைத் திட்டக்கூட வாய் வரவில்லை. இன்னொரு தடவை என்னால் முடியாது. நாளைக்கும் அவர் கிட்டியைக் குளிப்பாட்ட வருவார், அதற்கு மறுநாளும்.

விளக்கை ஒரு வாரம் பார்த்துக்கொள்ள ஜெரோம் சம்மதித்துவிட்டான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் அவனேதான். அவன் அண்ணன் படகோடு காத்திருப்பான். நீ ஏறி வா. இங்கே வருமுன் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன், கிட்டியையும் காட்டமாட்டேன். சொல்லிவிட்டு வந்தாலும் திறப்பேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொய்யாக எதையும் எழுத வேண்டாம் என்றுதான் அதையும் எழுதுகிறேன்.

அவர் பகல் முழுவதும் துறையிலேதான் நிற்கிறார். நீ இறங்குவதை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருக்கும். ஓடி வருவார், உன்னைக் கட்டிக்கொள்வார், உனக்கு ஆறுதல் சொல்லப் பார்ப்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ பேசிவிடு.

ஸ்டாசியா