குறி வேண்டாத துப்பாக்கி

நவம்பர் 2, சனி

பால் கறந்து முடித்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். என் மகன் தாலாய் விளையாட்டுக்குள் முன்பே வந்து கோட்டை வாசலில் நின்றிருந்தான். ஆள் கொரியாவில், வாளி செய்யும் பட்டறையில். போனில் என்றால் "சாப்பிட்டியா", "அங்க குளிரா" என்பதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். இந்த விளையாட்டில் பல்லுள்ள காளான்களைச் சுட்டுக்கொண்டே எவ்வளவு நேரமும் பேசுவோம். அவன் முகம் பார்த்துப் பேசுகிறவன் அல்ல. அவன் அப்பாவும் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டேதான் என்னிடம் பேசுவார்.

என்னுடையது முலாம்பழ பீரங்கி. பழம் வெடித்தால் காளான் கூட்டமே மஞ்சளாகித் தள்ளாடும். அவனுடையது தேனீத் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே தேனீ. குறி தப்பினால் அது திரும்பி வந்து நம்மையே கொட்டும். அவனுக்குத் தப்பாது. ஜெயித்தால் கிடைக்கிற நட்சத்திரத்தையெல்லாம் அந்தக் குழாயை நீட்டவே செலவழிப்பான். அம்மாவை அபா என்று கூப்பிட்டே வம்புக்கு இழுப்பான்.

"அபா, பழத்த மலையா குவிச்சு வெச்சுட்டு எங்க சுடறதுன்னு முழிக்கிற."

"நீ ஒத்தத் தேனீய வெச்சுட்டு, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நிக்கிற."

சிரித்தான். மருமகள் ஜிபாரா கதவருகே நின்று, "இதெல்லாம் உங்க கண்ணுக்கு ஆகாது அபா" என்றாள். பேத்திக்கு நான் வைத்த பெயரை விட்டுத் தன் தாய் சொன்ன பெயரை வைத்தவள். என் கண்ணைப் பற்றி இவளுக்கு என்ன.

நவம்பர் 9, சனி

தாலாய் வரவில்லை.

நவம்பர் 10

கேட்டேன். "வேல ஜாஸ்தி அபா, ராத்திரி ஷிப்டு" என்றாள் ஜிபாரா. சொல்லும்போது அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு வைக்கோல் கொட்டகைக்குப் போனாள். இந்தப் பனியில் வீட்டுக்குள் பேசக்கூடாத பேச்சு என்ன பேச்சு?

எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுக்கக் கூடாது.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் எண்ணெய் காயும் வாசனை. எழுந்து வந்து பார்த்தால் ஜிபாரா மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருக்கிறாள். செத்தவர்களுக்கு வாசனை காட்ட நாங்கள் வெள்ளிக்கிழமை பொரிப்போம். இன்று செவ்வாய்.

"யாருக்கு?"

"சும்மாதான் அபா. மாமா கனவுல வந்தாரு."

என் கணவர் அவள் கனவில் வருவாரா? அவளை அவர் பார்த்ததே இல்லை. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். கன்றுக்குட்டிக்குப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 16, சனி

வரவில்லை. வாசலிலேயே நின்றேன், சுடவில்லை. காளான்கள் வந்து என்னைத் தின்றன.

நவம்பர் 23, சனி

வந்தான்.

வந்தது யார்?

அதே நீலத் தலைக்கவசம், அதே பெயர். குரல் மட்டும் இல்லை. "மைக் கெட்டுப்போச்சு" என்று எழுத்து வந்தது, அதுவும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. கையில் தேனீத் துப்பாக்கி இல்லை. விற்றுவிட்டிருக்கிறது. நுரைக்குழாய் வைத்திருக்கிறது! விளையாடத் தெரியாதவர்கள் எடுக்கிற ஆயுதம் அது. அமுக்கினால் சோப்பு நுரை தானே பீச்சிக்கொண்டே இருக்கும், குறி பார்க்க வேண்டாம். தாலாய் அதைக் கண்டால் துப்புவான். "பாத்திரம் கழுவற துப்பாக்கி" என்பான்.

இருக்கிற நட்சத்திரமெல்லாம் அதற்கே போட்டிருந்தது. பாறைக்குப் பின்னால் அசையாமல் நின்று பீச்சியது. என் மகன் ஓடிக்கொண்டே சுடுகிறவன்.

நான் அதையே பார்த்துக்கொண்டு சுட்டேன். பழம் எங்கேயோ போய் விழுந்தது.

நவம்பர் 24

மறுபடி வந்தது. கேட்டுவிட்டேன். எழுத்துக் கூட்டித் தட்டினேன்: நீ முதலில் விழுந்த குதிரையின் பெயர் என்ன?

பதில் வரவில்லை. அடுத்த அறையில் ஜிபாராவின் போன் சிணுங்கியது. அதன் பிறகுதான் பதில் வந்தது. "சாம்பலன்." சரிதான். ஆனால் அந்தக் கதையை ஜிபாராவிடம் சொன்னதே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாளா? அவளுடைய தம்பி யாராவது தாலாயின் பெயரில் உட்கார்ந்திருக்கிறானா? நான் சந்தேகப்படாமல் இருக்க, ஊர்ப் பெரியவர்கள் வந்து சொல்லும்வரை...

எழுத மாட்டேன். எழுதினால் நடந்ததாகிவிடும்.

நவம்பர் 27

அடுத்த வீட்டு சோனுன் ஒரு கிண்ணம் பாலாடை கொண்டுவந்தாள். என் மாடு அவள் வேலியைத் தாண்டிய நாளிலிருந்து என்னோடு பேசாதவள். வந்தாள், வைத்தாள், என் தோளைத் தடவிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 29

நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

நவம்பர் 30, சனி

யாராக இருந்தாலும் சரி, அந்த நீலத் தலைக்கவசம் விழக் கூடாது என்று அதற்கு முன்னால் நின்று சுட்டேன். பின்னாலிருந்து ஒரு குண்டுக் காளான் வந்தது. நுரை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, திரும்பவே இல்லை. இந்த விளையாட்டில் செத்தால் இறகுகள் பறக்கும், தலைக்கவசம் மட்டும் உருண்டு வந்து காலடியில் நிற்கும். முன்பெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்போம். வயரைப் பிடுங்கிவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

சன்னல் வழியாகப் பார்த்தேன். என் கணவரின் தம்பி அசங்குல். கூடவே வெள்ளைத் தொப்பியோடு இரண்டு பெரியவர்கள். பனியில் ஒருவர் பின் ஒருவராக, பேசாமல். மூன்று ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் ஒரு வீட்டுக்கு எதற்கு வருவார்கள் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

என் கணவர் பனிச்சரிவில் போனபோதும் இதே அசங்குல்தான் வந்தான். என்னை மாவு பிசைய வைத்து, நூடுல்ஸ் வெட்ட வைத்து, உட்கார்ந்து வயிறு நிறையத் தின்றுவிட்டு, அப்புறம் சொன்னான். முதலில் "அடிபட்டிருக்கு" என்றான். பிறகுதான் மிச்சம். சாகும்வரை மன்னிக்க மாட்டேன். இந்தத் தடவை அவன் வாய் திறக்க விடக் கூடாது.

சாவு விழுந்த வீட்டு வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தலைத்துணியை அவிழ்த்தேன். ஒப்பாரியை எடுத்துவிட்டேன். என் கழுகுக் குஞ்சே, கடலுக்கு அப்பால் உன் முகத்தை யார் துடைத்தார்கள் என்று தொடங்கினேன். எங்கிருந்துதான் வந்ததோ, வந்துகொண்டே இருந்தது.

"அண்ணி! நிறுத்துங்க! பையன் உசுரோட இருக்கான்!"

நிறுத்தவில்லை. முதலில் அப்படித்தான் சொல்வான்.

"அய்யோ அண்ணி, கையிலதான் அடி! கையிலதான்!"

ஜிபாரா அழுதுகொண்டே ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். தாலாய். மெலிந்து, தாடியோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"அபா. யாருக்குப் பாடற?"

"உனக்குத்தான்டா நாயே!"

வலது கையை வாளி அச்சு நசுக்கிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஜிபாரா அன்று மாவு பொரித்தது அவன் உயிர் பிழைத்ததற்காம். என் குரலைக் கேட்டால் பொய் சொல்ல வராது என்றுதான் மைக் கெட்டது என்றானாம். சொல்லும் வேலையைச் சித்தப்பன் தலையில் கட்டியிருக்கிறான்.

"அதுக்கு ஏன்டா மூணு பேரா வந்தீங்க?" என்றேன்.

அசங்குல் தொப்பியைக் கழற்றினான். "தனியா வந்து சொல்லப் பயமா இருந்துச்சு அண்ணி."

டிசம்பர் 4

உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டேன். என்ன வாய் இது! அது பலிக்காமல் இருக்க ஆடு அறுத்து ஏழு வீட்டுக்குக் கறி கொடுத்தோம். அசங்குல் பாதி ஆடு தின்றான். இருந்தும் போன் அடித்தால் ஜிபாராவை எடுக்கச் சொல்கிறேன். பாடினது பாடினதுதானே? அது எங்கே போய் நிற்கும்?

டிசம்பர் 14, சனி

குரலோடு வந்தான். நான் கேட்காமலே சொன்னான்.

"தேனீக்கு ரெண்டு கையும் வேணும் அபா, குறி பாக்க ஒண்ணு, ஓட ஒண்ணு. நுரைக்கு இடது கையில ஒரு விரல் போதும்."

"குதிரை பேர் ஏன் அவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சு?"

"எழுத்தத் தேடினேன். ஜிபாராவுக்கும் மெசேஜ் போட்டேன், அபா சந்தேகப்படுதுன்னு."

பீரங்கிப் பெட்டியைப் பெரிதாக்கச் சேர்த்து வைத்திருந்த நட்சத்திரத்தையெல்லாம் அவன் பக்கம் தள்ளிவிட்டேன். நுரைக்குழாயின் வாயை அகலமாக்கச் சொன்னேன். வேண்டாம் என்றான். "போட்டுத் தொலை" என்றேன். போட்டான். நுரை பள்ளத்தாக்கு முழுக்கப் பொங்கியது, ஒரு காளான் மிச்சமில்லை.

இந்தக் கையோடு இங்கே வந்து என்ன செய்வான்? குதிரைக்குச் சேணம் எப்படி இறுக்குவான்?

ஜனவரி 11, சனி

தாலாய் வந்து சேர்ந்தான். கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டே எல்லோரையும் கட்டிப்பிடித்தான். மேசையைச் சுற்றி அசங்குல், அந்தப் பெரியவர்கள், சோனுன், ஊரே இருந்தது.

ஜிபாரா தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். அவன் வலது கையை வெளியே எடுக்கப் பார்த்தான். பாதியில் நிறுத்தினான். இடது கையை நீட்டி வாங்கினான். பெரியவர்கள் முன்னால் இடது கை. அசங்குல் வாயைத் திறந்தான்.

அடுத்த கிண்ணம் எனக்கு. நான் இடது கையை நீட்டினேன். பழக்கமில்லாத கை, கொஞ்சம் மடியில் சிந்திச் சுட்டது. அசங்குலைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அவன் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தான்.

ஜிபாரா மடியைத் துடைக்கத் துணி கொண்டுவந்தாள். அவளும் அதை இடது கையால்தான் தந்தாள்.