முன்னறையில் மூன்று மெஷின்கள்

இன்று காலை புதுத் தையல் மெஷினை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் எண்ணெய் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாம் இருவரும் ஒன்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த செக்கிங் டேபிளில் இதே வாசனைதான். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும் கார் உதிரிப் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நம் வேலை.

உன் சிவப்பு ஸ்டிக்கருக்கு சூப்பர்வைசரே பயப்படுவார். லோடு வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் நீ அசைய மாட்டாய். "இப்ப மறைச்சு அனுப்பினா நாளைக்கு திரும்பி வரும். வந்தா யாரு தலையில வுழும்?" என்பாய்.

நான் வேலையை விட்டு, வீட்டின் முன்னறையில் மூன்று மெஷின் போட்டு, கம்பெனித் தொழிலாளர்களுக்கு யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்த பிறகும் நீ என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே என் வீட்டுக்குத்தான் வருவாய். போன மாசியில் அப்படி வந்தபோது இன்சூரன்ஸ் பேச்சு வந்தது. வீட்டுக் கடன் வாங்கும்போதே பேங்க்கில் போட்டுவிட்டார்கள், எனக்குக் கவலையில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். நீ அந்தக் காகிதத்தை வாங்கிக் கடைசி வரி வரை படித்தாய்.

"இது செவுத்துக்கும் கூரைக்கும்தான்டி. உள்ள கீற ஃப்ரிட்ஜு, பீரோ, கட்டிலு, ஒண்ணுத்துக்கும் இல்ல. ஏரி ஒடைஞ்சு தண்ணி வந்தா செவுரு நிக்கும். நீ இன்னா பண்ணுவ?"

மறுவாரமே உனக்குத் தெரிந்த ஏஜென்ட் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாய். மனை விலையையும் சேர்த்துப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "மண்ண எவன் தூக்கிக்கினு போவப் போறான்? திரும்பக் கட்டறதுக்கு இன்னா ஆவும், அத்த மட்டும் போடு" என்று மடக்கினாய். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுக்க வைத்தாய். ஓட்டை மிக்ஸியைக்கூட விடவில்லை. அதுவரை எனக்கும் சிரிப்புதான்.

மெஷின்களில்தான் வம்பு வந்தது. வீட்டில் தொழில் நடக்கிறது என்று எழுதினால் அதற்குத் தனியாக ஒரு பாலிசி வேண்டும், கூடுதலாகக் கட்டவேண்டும் என்றார் ஏஜென்ட். எனக்கு மனம் வரவில்லை. எந்த வீட்டில்தான் தையல் மெஷின் இல்லை, வீட்டுச் சாமானோடு சேர்த்துவிடலாம் என்றேன். மறுநாள் நூல் வாங்கப் போன என்னை பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டாய். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டாய்.

"டேபிள்ல ஒம்போது வருசம் குந்திக்கினு இருந்தவளா நீ? இன்னிக்கி பொய் எழுதினா, வெள்ளம் வர அன்னிக்கி நடுத்தெருவுல நிப்ப!"

"ஊடு என்னுது, மெஷின் என்னுது. உனக்கு இன்னாடி பேஜாரு?" என்றேன்.

நீ பஸ் ஏறிவிட்டாய். அன்றோடு பேச்சு நின்றது.

நாலாம் நாள் நான் ஏஜென்ட் அண்ணன் வீட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதை உன்னிடம் வந்து சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் திட்டினாளே, முதலில் அவளே பேசட்டும் என்று வீம்பு. பங்குனியில் மஞ்சள் காமாலை என்று படுத்தாய். நான் ஓடிவந்தபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "எழுதிட்டேன்டி" என்று காதருகே சொல்லிப் பார்த்தேன். கேட்டதா என்று தெரியவில்லை. பத்து நாளில் போய்விட்டாய்.

கார்த்திகையில் மழை பிடித்தது. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நீ சொன்னபடியே சுவர் நின்றது. மூன்று மெஷினும் மோட்டாரோடு மூழ்கிவிட்டன. தண்ணீர் வடிந்தபின் சேற்றில் நின்றுகொண்டு அவற்றைப் பார்த்துத்தான் அழுதேன். அவை ஓடினால்தானே எங்கள் அடுப்பு எரியும்.

சேதம் பார்க்க வந்த சர்வேயர் வாசலிலேயே, "இங்க தொழில் நடக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். எழுதியிருக்கிறோமே என்பது பிறகுதான் உறைத்தது.

"நடக்குது சார். எழுதிக் குடுத்துக்கீறேன்."

அவர் காகிதத்தைப் புரட்டினார், போனில் இருந்த படங்களைப் பார்த்தார், தலையாட்டினார். ஒரு கேள்விக்கும் நான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்ட பணமெல்லாம் வந்துவிடவில்லை. பழைய பீரோவுக்கும் கட்டிலுக்கும் தேய்மானம் என்று கழித்தார்கள். மெஷின்களுக்கு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

இருந்தும் ஒன்று மட்டும் அறுத்துக்கொண்டே இருந்தது. நான் உன் பேச்சைக் கேட்கவில்லை என்ற நினைப்போடு நீ போய்விட்டாயே என்று. இன்று புது மெஷினைப் பார்க்க வந்த ஏஜென்ட் அண்ணனிடம் டீயைக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்ற? நீ எழுதிக் குடுத்த அன்னிக்கி சாயந்தரமே உன் ஃப்ரெண்டு எனக்கு போன் பண்ணிச்சே. 'மெஷின எழுதினாளா?'ன்னு கேட்டுது. எழுதிக் குடுத்துடுச்சுன்னேன். ஒரே சிரிப்பு. 'நான் கேட்டேன்னு சொல்லாதண்ணா, அவளே வந்து பேசட்டும்'ன்னுச்சு."

அவர் போனதும் அழுதேன், அழும்போதே சிரிப்பும் வந்தது. பத்து மாதம் கழித்து இன்றுதான் நெஞ்சு லேசாக இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யார் எந்தப் படிவம் வாங்கினாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கடைசி வரி வரை படிக்கிறேன். மறைத்தால் திட்டுகிறேன், உன் வாய் எனக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் வைத்து மட்டும் யாரையும் திட்டுவதில்லை. அது உன் தப்புதான், போ.

எல்லாம் தெரிந்துகொண்டே, நான் முதலில் பேசட்டும் என்று நீயும் காத்திருந்தாயாமே. சரி, நான்தான் முதலில் பேசுகிறேன்.